பத்தாவது பாட்டில் ஓர் இருமல்

சத்தியமாகச் சொல்றேன் தம்பி. இனிமேல் நான் சொல்லப்போறதில் ஒரே ஒரு வார்த்தை பொய்யிருந்தாலும் இந்த பஸ் இந்த இடத்தை விட்டு நகராமல் நிக்கட்டும்.

ஏற்கெனவே நின்னுக்கிட்டுத்தானே இருக்குங்கறீங்களா? அது ரயில்வே கேட் போட்டதால. என் சத்தியத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.

காதில் மாட்டியிருக்கிறதைக் கொஞ்சம் கழட்டுங்க. உங்க மடியில் இருக்கிற நோட்டை எட்டிப் பார்த்துட்டேன், தப்பா நினைக்காதீங்க. எழுபத்தெட்டு வயசிலும் கண் நல்லாத் தெரியுது, அதுதான் எனக்குப் பிடிச்ச கேடு. முதல் கேள்வியே என்ன எழுதியிருக்கீங்க? 'இந்தப் பத்துப் பாடல்களுக்கும் தூண்டுதலாக இருந்தவர் யார்?' நெடுங்கரைக் கச்சேரிக்குப் போய் இன்னைக்குச் சாயங்காலம் பாட்டுக்காரி சுகந்திகிட்ட பத்திரிகைக்காக இதைக் கேக்கப்போறீங்க. அவ்வளவு தூரம் எதுக்கு? அந்தத் தூண்டுதல் உங்க பக்கத்து சீட்டில், ஜன்னலோரமா உக்காந்திருக்கு. பேர் அய்யாக்கண்ணு. முப்பத்தோரு வருஷம் நெடுங்கரை கேட்டில் கேட்கீப்பர்.

சிரிக்கிறீங்க. சிரிங்க, நேரமிருக்கு. வண்டி இன்னும் முந்தின ஸ்டேஷனையே விடலை. கேட் போட்ட விதத்தைப் பார்த்தே சொல்லிடுவேன்.

இருங்க. இந்த பஸ்ஸில் தூசு ஜாஸ்தி. எனக்கு இருமல் எல்லாம் கிடையாது, தூசுதான்.

அந்தப் பொண்ணு வந்தது போன வருஷம் மாசியில். தோளில் ஒரு கிதார், முதுகில் ஒரு பை. "கம்பெனி கிடையாது, ஸ்டுடியோ கிடையாது தாத்தா. நானே எழுதி, நானே மெட்டுப்போட்டு, நானே பாடி, நானே பதிவு பண்ணப்போறேன்"னாள். "கேக்கிறதும் நீயேதானாம்மா?"ன்னேன். வாய் விட்டுச் சிரிச்சாள். சிரிச்சுக்கிட்டே கிதாரைக் கீழே வைக்கக் கையை நீட்டினாள் பாருங்க. அந்தக் கையை நான் முன்னாடி பார்த்திருக்கேன். முகத்தை இல்லை. கையை மட்டும். மணிக்கட்டு எலும்பு துருத்திக்கிட்டு, ஒல்லியா, நீளமா. எங்கே பார்த்தேன்னு இப்போ கேக்காதீங்க. அது பின்னாடி வரும்.

"எங்க அம்மா பேர் செண்பகவல்லி. இந்த ஊர்தான். நான் பிறந்த அன்னைக்கே போயிட்டாங்க. அப்பா என்னைத் தூக்கிக்கிட்டு கோயமுத்தூர் போனவர், அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசாமலே அவரும் போயிட்டார். அம்மா எப்படி நடப்பாங்க, எதுக்குச் சிரிப்பாங்க, எதுக்குக் கோவப்படுவாங்க, ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சவங்க யாராவது சொன்னா அதைப் பாட்டா எழுதலாம்னு வந்தேன்."

ஊரில் வீடு வீடா ஏறி இறங்கியிருக்காள். ஒருத்தர் வாயைத் திறக்கலை. டீக்கடை ரத்தினாம்பாள்கிட்ட கேட்டால், "அவளா, நல்ல பொண்ணு"ன்னு சொல்லிட்டு, பால் பொங்காத அடுப்புக்கு ஓடிட்டாளாம். கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான், 'இங்கே வாய் ஓயாத ஆள் ஒருத்தர் இருக்கார்'னு என்னைக் கைகாட்டிவிட்டிருக்கான்.

"உங்களுக்கு எங்க அம்மாவைத் தெரியுமா தாத்தா?"

தெரியாதுன்னு சொல்லியிருக்கணும். ஒரே ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் அடுத்த பஸ்ஸில் அவள் போயிருப்பாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"தெரியுமாவாவது. விசிலடிச்சு ஓடுற ரயிலை நிறுத்தினவளாச்சே உங்க அம்மா."

அது முதல் பாட்டு. நீங்க கேட்டிருப்பீங்க. ரெண்டாவது பாட்டில், வெள்ளத்தில் கல்யாண அண்டாவுக்குள்ளே உக்காந்து ஏரியைத் தாண்டிப் போய்ச் சம்பந்தி வீட்டுக்குச் சாம்பார் கொடுத்துட்டு வருவாள். அதுவும் நான் கொடுத்தது. கூட்ஸ் வண்டி கார்டோட சண்டை போட்டுத் தன் ஆட்டுக்குட்டியைக் கடைசிப் பெட்டியில் ஏத்தி அனுப்புறது மூணாவது. ஒன்பது நாள் வந்தாள், ஒன்பது கதை சொன்னேன். பொய்யான்னு கேக்கிறீங்க. அந்தப் பொண்ணுக்கு ஒரு அம்மா வேண்டியிருந்தது. என்கிட்ட கதை இருந்தது. இதில் பொய் எங்கேயிருந்து வந்தது?

ஒன்பதுக்கு நடுவில் ஒண்ணு மட்டும் என் வாயிலிருந்து தானா விழுந்துடுச்சு. "உங்க அம்மா கை நிறையப் பச்சைக் கண்ணாடி வளையல் போட்டிருப்பாள். இரும்பைக் கண்டால் அதில் வளையலைத் தட்டித் தாளம் போடுவாள்"னேன். சொன்ன பிறகு நானே திடுக்கிட்டேன். அவள் அன்னைக்கே போய் ரெண்டு டஜன் வளையல் வாங்கி மாட்டிக்கிட்டு வந்துட்டாள். பத்துப் பாட்டிலும் பின்னாடி டிங் டிங்னு ஒரு தாளம் கேக்குதே, அது இரும்புக் குழாயில் அவள் தட்டுற வளையல். பதிவு பண்ணும்போது நான் வெளியே போய் நின்னுக்குவேன். எனக்கு அந்தச் சத்தம் ஒத்துக்காது.

அவள் வேலை செய்யற விதமே தனி தம்பி. கதை நடந்த இடத்துக்கே போய்த்தான் பாடுவாள். நான் பாவம், நடக்காத கதைக்கெல்லாம் இடம் தேடி அலைஞ்சேன். இடம் கிடைச்சதும் உடனே பாடமாட்டாள். உள்ளங்கை அளவு மெஷினை முக்காலியில் வச்சு, சிவப்பு விளக்கை எரியவிட்டு, "ரெண்டு நிமிஷம் யாரும் பேசக்கூடாது தாத்தா"ம்பாள். "பாடாமல் எதுக்கம்மா மெஷினைப் போட்டே?"ன்னேன். "ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மௌனம் இருக்கு. ஏரியோட மௌனம் வேற, ரைஸ் மில் மௌனம் வேற. அதை முதல்ல பாய் மாதிரி அடியில் விரிச்சு, அதுக்கு மேலதான் பாட்டை உக்கார வைப்பேன்"னாள். நான் சத்தம் பிடிக்கிற மெஷின் பார்த்திருக்கேன். சத்தமில்லாததைப் பிடிக்கிற மெஷினை அப்பதான் பார்த்தேன். நல்லா ஞாபகம் வச்சுக்குங்க. அது மௌனத்தைப் பிடிக்கிற மெஷின். அவளே சொன்னது.

ஐப்பசியில் பாட்டெல்லாம் வெளியே வந்தது. எல்லார் போனிலும் அதுதான். வந்த வினை அங்கேதான். ரத்தினாம்பாள் டீ ஆத்திக்கிட்டே சொல்றாள், "செண்பகவல்லி விசிலடிச்சு ரயில் நின்னப்போ நான் பக்கத்துலதான் நின்னேன். அப்பப்பா, என்ன விசில்." மில்லுக்காரர் அந்த அண்டாவை அவர் வீட்டில்தான் கொடுத்தாங்கன்னு அடிச்சுச் சொல்றார். அது நான் சொன்ன கதைய்யான்னு சொல்லவும் முடியலை. சொன்னால் பாட்டுக்காரி காதுக்குப் போகுமே.

அதோட நின்னிருந்தால் பரவாயில்லை. மார்கழியில் ஒரு நாள், நல்ல பட்டப்பகல், ஏரிக்கரையில் நடந்து போறேன். தண்ணி நடுவில் ஒரு அண்டா. உள்ளே ஒரு பொம்பளை. சத்தியமா தம்பி. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்காள். ஒரு கை மட்டும் வெளியே தொங்குது. நான் செஞ்ச கதை என் முன்னாடி மிதந்து போகுது. துடுப்புப் போடலை, அண்டா நகரலை. எதுக்கோ காத்துக்கிட்டிருக்கிற மாதிரி அப்படியே நிக்குது. கேட்டுக்கு முன்னாடி வண்டி நிக்குமே, அப்படி.

அதுக்கப்புறம் என் வீட்டு ஜன்னல் கம்பியில். மத்தியானம் சாப்பிட்டுக் கொஞ்சம் சாய்ஞ்சால் டிங், டிங். எழுந்து பார்த்தால் கம்பிக்கு வெளியே வெயில்தான் நிக்கும். பேயா இருந்தால் திட்டட்டுமே, கழுத்தைப் பிடிக்கட்டுமே. ஒண்ணும் செய்யறதில்லை. தட்டிட்டுக் காத்திருக்கு.

ஒன்பது பாட்டும் கேட்டாச்சு. பத்தாவது ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு மருமகள்தான் போனில் போட்டுக் காட்டினாள். மத்ததெல்லாம் மூணு நிமிஷம், நாலு நிமிஷம். இது மட்டும் பதினோரு நிமிஷம். ஆரம்பத்தில் ரெண்டு நிமிஷம் ஒண்ணுமே இல்லை. காத்து. ஒரு அணில். அப்புறம் ஒரு இருமல். ஆம்பளை இருமல், கிழட்டு இருமல். அதுக்குப் பிறகு வளையல். அப்புறம் பாடுறாள்:

'ஒரு வார்த்தை மிச்சம் என்றார்
ஊரெல்லாம் சிரித்தது
ஒரு உயிர் மிச்சம் என்று
வளையல்தான் தட்டியது.'

அப்படியே போய், ஒரு வரி பாதியில் நின்னுடுது. கரண்டு போன மாதிரி.

இருமினது யாருன்னு அந்த மருமகள் கேக்கிறாள். எனக்கு எப்படித் தெரியும்? இருங்க. இது தூசில்லை, டீயோட சாப்பிட்ட வடையில் எண்ணெய் சரியில்லை.

அந்த 'ஒரு வார்த்தை' சமாசாரத்தை அவளுக்கு யார் சொல்லியிருப்பாங்கங்கறதுதான் கேள்வி. சொல்றதுக்கு ஆள் கிடையாது. ஊர் சொல்லாது. ஏன்னா அன்னைக்கு ஊரே அங்கே நின்னு சிரிச்சது.

சரி, கேளுங்க. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி, சித்திரை மாசம், உச்சி வெயில். கேட்டில் அன்னைக்கு டூட்டி நான் இல்லை. காத்தமுத்து. என்னோட கூட வேலை பார்த்தவன், செத்துப் போய் இருபது வருஷம் ஆச்சு. அவனுக்கு ஒரு கெட்ட பழக்கம், கதை சொல்றது. கேட் போட்டால் ரெண்டு பக்கமும் சனம் சேரும். மாட்டுவண்டி, சைக்கிள், டவுன் பஸ், தேங்காய் லாரி. எங்கேயும் போகமுடியாத கூட்டம். கதை சொல்றவனுக்கு இதைவிட என்ன வேணும்? கேட் போடுவான், கதையை ஆரம்பிப்பான். ரயில் போறதுக்கும் கதை முடியறதுக்கும் சரியா இருக்கும்.

அன்னைக்கு அவன் சொன்னது, முதலை முழுங்கின நாதஸ்வர வித்வான் கதை. கோயில் குளத்தில் குளிக்கப் போன வித்வானை முதலை நாதஸ்வரத்தோட முழுங்கிடுது. அவர் அசரலை. வயித்துக்குள்ளே உக்காந்து வாசிக்க ஆரம்பிக்கிறார். முதலை தலையை ஆட்டுது. கரையில் இருக்கிற சனமும் ஆட்டுது. ஒரு ராகம் வாசிச்சார் பாருங்க, அதைக் கேட்டு முதலை அழுதுக்கிட்டே வாயைத் திறந்து அவரைக் கொண்டுவந்து படிக்கட்டில் இறக்கிவிட்டுடுது. அது என்ன ராகம்? அதுதான் கதையோட கடைசி வார்த்தை.

ரயில் போயிடுச்சு. கடைசிப் பெட்டியும் தாண்டியாச்சு. சக்கரத்தைச் சுத்திக் கேட்டைத் தூக்கணும். கதை முடியலை. கைப்பிடியில் கையை வச்சுக்கிட்டே, "சொல்லட்டுமா? எந்த ராகம், சொல்லட்டுமா?"ன்னு கேக்கிறான். கூட்டம் "சொல்லு, சொல்லு"ங்குது. பஸ் டிரைவர்கூட என்ஜினை நிறுத்திட்டு இறங்கி வந்துட்டார். அப்போ பின்னாடியிருந்து டிங், டிங், டிங். தேங்காய் லாரிக்குப் பின்னாடி ஒரு வேன். அதோட ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டு, வளைகாப்பு வளையல் அத்தனையும் லாரியோட பின்பக்க இரும்பில் தட்டுது. ஆகா, ஒரு பொம்பளை நம்ம கதைக்குத் தாளம் போடுறாளேன்னு நினைச்சேன்.

நினைச்சான். காத்தமுத்து நினைச்சான்.

அந்தத் தாளத்துக்கு ஏத்த மாதிரி இன்னும் நீட்டினான். முதலையை இன்னொரு தடவை குளத்தைச் சுத்தி வரவிட்டான். ஒரு சின்ன வயசுக்காரன் வேனிலிருந்து ஓடி வந்தான். அவளோட புருஷன். வாய் குழறுது, பேச்சு வரலை. "திறங்க, திறங்க"ன்னு மட்டும் சொல்றான். "இருப்பா, ஒரே ஒரு வார்த்தை மிச்சமிருக்கு. உனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்"னான் காத்தமுத்து. கூட்டம் கொல்லுன்னு சிரிச்சது. அந்தப் பையன் கேட்டைக் கையால் தூக்கப் பார்த்தான். அதுக்கும் சிரிச்சாங்க.

அப்புறம் தாளம் நின்னுடுச்சு. நின்ன பிறகுதான் ஒரு குழந்தை அழுதது.

பதினோரு நிமிஷம் தம்பி. கேட்டை ஒட்டின எங்க டூட்டிக் குடிசையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். குழந்தை வேனிலேயே பிறந்து பிழைச்சுக்கிட்டது. அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனப்போ, கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் பிழைச்சிருப்பாள்னாராம் டாக்டர். கொஞ்சம்னா எத்தனை நிமிஷம்னு அவர் சொல்லலை. சாயங்காலம் ரோட்டில் பச்சைக் கண்ணாடித் துண்டு கிடந்தது. பொறுக்கி ஒரு புகையிலை டப்பாவில் போட்டு வச்சேன். வச்சான். அவன் செத்த பிறகு டப்பா என்கிட்ட வந்துடுச்சு.

இதையெல்லாம் நான் அந்தப் பொண்ணுகிட்ட சொல்வேனா? அம்மா பிரசவத்தில் போனாள்னு மட்டும்தான் சொன்னேன். கடைசி நாள் அவள், "நீங்க வேலை பார்த்த குடிசையோட மௌனமும் வேணும் தாத்தா"ன்னு கேட்டாள். கேட் இப்போ கிடையாது, சுரங்கப்பாதை போட்டாச்சு. குடிசை மட்டும் நிக்குது. மெஷினை முக்காலியில் வச்சாள், சிவப்பு விளக்கு எரிஞ்சது. "நாம மூச்சு விட்டாலே பதிவாயிடும், வெளியே வந்துடுங்க"ன்னாள். முழங்கால் வலி, நான் உள்ளேயே சும்மா உக்காந்திருக்கேன்னேன். அவள் தூரமா தண்டவாளத்துப் பக்கம் போய் நின்னுக்கிட்டாள்.

என்னை யாரும் அதுவரைக்கும் ரெண்டு நிமிஷம் சும்மா இருன்னு சொன்னதில்லை. சனமில்லை, சத்தமில்லை. எதிரே அந்தப் பழைய சக்கரம், துருப்பிடிச்சு. எவ்வளவு நேரம்தான் அதையே பார்த்துக்கிட்டிருக்கிறது? காத்துகிட்ட பேசினேன். அவ்வளவுதான். அம்மா செண்பகவல்லி, வேணும்னு செய்யலைன்னு ஆரம்பிச்சேன். முதலை, ராகம், பதினோரு நிமிஷம், எல்லாத்தையும் சொன்னேன். மனுஷங்க ஒருத்தரும் அங்கே இல்லை. மெஷின் இருந்தது, வாஸ்தவம். ஆனால் அது மௌனத்தைத்தானே பிடிக்கும்? அவளே சொன்னாளே.

அப்போ அவளுக்குச் சொன்னது யாரு? வேற யாரு, செண்பகவல்லிதான் போய்ச் சொல்லியிருக்காள். நீங்க படிச்சவர். வேற வழி ஏதாவது தோணுதா உங்களுக்கு?

அப்படிப் பார்க்காதீங்க.

வண்டி வந்துடுச்சு. பேசுங்க பார்ப்போம் இந்தச் சத்தத்தில். போகட்டும், எல்லாப் பெட்டியும் போகட்டும். இது என்ன, கடைசிப் பெட்டி தாண்டின மறு நிமிஷமே இந்த கேட்கீப்பர் கேட்டைத் தூக்கிடுறான். நல்ல பையன். கதை கிதை தெரியாதவன்.

சீக்கிரமா சொல்லிடுறேன். முந்தாநாள் அவள்கிட்டேயிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. இன்னைக்குக் கச்சேரியே அந்தக் குடிசை வாசலில்தானாம். பாருங்க, என்ன எழுதியிருக்காள்: 'தாத்தா, முதல் வரிசையில் உங்களுக்கு நாற்காலி போட்டிருக்கேன். பத்தாவது பாட்டோட கடைசி வரி காலியா இருக்கு. முதலை வயித்துக்குள்ளே அவர் வாசிச்சது என்ன ராகம்? நீங்க சொன்னால் அந்த ராகத்தில் முடிச்சுடுவேன். நீங்க வர்ற வரைக்கும் ஆரம்பிக்க மாட்டேன்.' திட்டலை. ஏன்னு கேக்கலை. ராகத்தை மட்டும் கேக்கிறாள். கூட்டத்தை உக்கார வச்சுக்கிட்டு எனக்காகக் காத்திருப்பாளாம்.

இதுக்குத் தப்பிச்சு இன்னைக்குக் காலையில் முதல் பஸ்ஸில் பட்டுக்கோட்டைக்கு ஓடினேன். ஒரு டீ குடிச்சேன். குடிச்சுட்டு, திரும்பி வந்து இந்த பஸ்ஸில் ஏறிட்டேன். ஏன் ஏறினேன்னு எனக்கே தெரியலை.

இவ்வளவுக்கும் என்ன, போய் ஏதாவது ஒரு ராகத்தைச் சொல்லிட்டு வர வேண்டியதுதானேங்கறீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். ராகத்துக்குப் பேரா பஞ்சம்? ஆனால் தம்பி, அன்னைக்குக் கைப்பிடியில் கையை வச்சுக்கிட்டு நிக்கிறப்போ, அந்த ராகம் என்னன்னு எனக்கே தெரியாது. யோசிக்கலை. கதையை ஆரம்பிச்சுட்டேன், முடிவு இல்லை. நல்ல பேரா ஒண்ணு தோணட்டும்னுதான் பதினோரு நிமிஷம் அத்தனை பேரையும் நிறுத்தி வச்சேன். அந்த ஒரு வார்த்தை மிச்சமே இல்லை. இன்னைக்கு வரைக்கும் இல்லை. அவள் அம்மா முன்னாடி இல்லாததை அவள் முன்னாடி எங்கேயிருந்து எடுத்துக் கொடுப்பேன்?

கொஞ்சம் காலை ஒதுக்குங்க, நான் இங்கேயே இறங்கிக்கிறேன். இந்தாங்க, இந்த டப்பாவைப் பிடிங்க. ஆட்டாதீங்க, சத்தம் போடும். முதல் வரிசையில் என் பேர் ஒட்டின நாற்காலியில் இதை வச்சிருங்க. அவள் தட்டிப் பார்த்தால் தெரிஞ்சுக்குவாள். பாட்டை அப்படியே பாதியில் விட்டுடச் சொல்லுங்க. பாதியில் நிக்கிறதுதான் சரி.

என்ன கண்டக்டரே? இறங்குறேன்ப்பா, படிக்கட்டுக்கு வந்துட்டேன்ல. பின்னாடி ஹாரன் அடிக்கிறாங்களா? அடிக்கட்டும். இருப்பா, இவர்கிட்ட ஒரே ஒரு வார்த்தை.

தம்பி, பத்திரிகையில் எதை வேணும்னாலும் எழுதிக்குங்க. நான் சொன்னேன்னு மட்டும் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விட்டுடாதீங்க. அந்தப் பொண்ணுகிட்ட கூட. யார் சொன்னதுன்னு ரொம்பக் கேட்டால், காத்தமுத்து சொன்னான்னு சொல்லிடுங்க.